கஞ்சன்ஜங்கா: மனிதன் வணங்கி நின்ற சிகரம்



கண்ணகிக்குச் சிலை எடுக்க இமயமலையிலிருந்து கல் கொண்டுவந்தான் சேரன் செங்குட்டுவன் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. கோயில் திருவிழாக்களில் கூத்தாகவும், பள்ளி ஆண்டு விழாக்களில் நாடகமாகவும் இந்தக் கதையை நம் தோட்டத்து மக்கள் பலமுறை பார்த்திருப்பார்கள். அந்தக் கல்லைச் சுமந்தவன் செங்குட்டுவன் அல்லன். போரில் தோற்ற கனகன், விசயன் என்னும் இரு மன்னர்களின் தலையில் ஏற்றித்தான் அது தெற்கே வந்தது. இமயம் என்றதும் நமக்கு வெற்றி நினைவுக்கு வருகிறது. சுமை நினைவுக்கு வருவதில்லை. இன்றைய பேச்சில் இமயத்தின் ஒரு சிகரத்தைப் பற்றியும், அதன்மேல் சுமை தூக்கிச் சென்றவர்களைப் பற்றியும் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

அந்தச் சிகரத்தின் பெயர் கஞ்சன்ஜங்கா. உலகில் உயரமான மலைகளில் இது மூன்றாவது. எவரெஸ்ட் 8,849 மீட்டர். அடுத்தது கே-2, 8,611 மீட்டர். மூன்றாவதாகிய கஞ்சன்ஜங்கா 8,586 மீட்டர், அதாவது 28,169 அடி. இந்தியாவின் சிக்கிம் மாநிலமும் நேப்பாள நாடும் சந்திக்கும் எல்லையில் இது நிற்கிறது.

8,586 மீட்டர் என்றால் எவ்வளவு உயரம்? நம் பேராக் மாநிலத்தின் உயரமான மலை கோர்பு. அதன் உயரம் 2,183 மீட்டர். அப்படிப்பட்ட மலைகள் நான்கை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் கஞ்சன்ஜங்காவின் உயரம் கிடைக்கும். சபாவில் இருக்கும் கினபாலு மலையின் உயரம் 4,095 மீட்டர். அத்தகைய இரண்டை அடுக்கினாலும் இன்னும் ஏறக்குறைய 400 மீட்டர் குறையும். இந்த உயரங்கள் எல்லாம் கடல் மட்டத்திலிருந்து அளக்கப்படுபவை. லூமுட் படகுத்துறையில் நின்று பங்கோர் தீவுக்குப் படகு ஏறுகிறோமே, அந்த நீர் மட்டத்தைப் போன்ற ஒரு மட்டத்தைப் பூச்சியமாக வைத்துக்கொண்டு கணக்கிடுகிறார்கள்.

உச்சிக்கு எவரும் போகாமலே, அதன் உயரத்தை எப்படி அளந்தார்கள்? இந்தக் கேள்வியை மாணவர்கள் அடிக்கடி கேட்பதுண்டு. அதற்கான விடை தமிழ்நாட்டிலிருந்தே தொடங்குகிறது. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், சென்னையில் பரங்கிமலைக்கு அருகில் லாம்ப்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரி ஒரு நேர்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கோட்டை அளந்து முடிக்க ஐம்பது நாட்களுக்கு மேல் ஆயின. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்கிட்டுவிடலாம். அந்தக் கோட்டில் தொடங்கி முக்கோணத்தின்மேல் முக்கோணமாகக் கட்டிக்கொண்டே வடக்கு நோக்கிப் போனார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அந்த முக்கோணங்கள் இமயத்தின் அடிவாரத்தைத் தொட்டன. சமவெளியில் நின்றபடியே சிகரங்களைக் கருவி வழியாகப் பார்த்து, கோணத்தை அளந்து, உயரத்தைக் கணக்கிட்டார்கள்.

அந்தக் கணக்குப்படி, ஒரு காலத்தில் உலகிலேயே உயரமான மலை கஞ்சன்ஜங்காதான் என்று நம்பப்பட்டது. 1852ஆம் ஆண்டில், நில அளவைத் துறையில் கணக்கராக இருந்த ராதாநாத் சிக்தர் என்னும் வங்காளி அறிஞர், பதினைந்தாம் எண் சிகரம் அதைவிட உயரமானது என்று கணக்கிட்டார். அந்தச் சிகரத்துக்குப் பின்னால் எவரெஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். கணக்குப் போட்டவர் பெயரை வைக்கவில்லை. ஓய்வு பெற்றுப் போய்விட்ட பழைய தலைமை அதிகாரியின் பெயரை வைத்தார்கள்.

கஞ்சன்ஜங்கா என்னும் பெயருக்கு, பெரும்பனியின் ஐந்து கருவூலங்கள் என்று பொருள். மலைக்கு ஐந்து முகடுகள் உண்டு. அவற்றில் நான்கு 8,450 மீட்டரையும் தாண்டியவை. உப்பு, பொன்னும் மணியும், சமய நூல்கள், ஆயுதங்கள், தானியமும் மருந்தும் ஆகிய ஐந்து செல்வங்களை அந்த மலைத்தெய்வம் காத்து வருகிறது என்பது சிக்கிம் மக்களின் நம்பிக்கை. ஆண்டுதோறும் அதற்கு விழா எடுக்கிறார்கள். அங்கிருந்து வழியும் பனிநீர்தான் தீஸ்தா என்னும் பெரிய ஆற்றுக்கு வளம் சேர்க்கிறது. தண்ணீர் தரும் மலையைக் கும்பிடுவதில் வியப்பென்ன?

நேயர்களே, இந்த மலைக்கும் தோட்டத் தொழிலாளர்களுக்கும் ஒரு நெருக்கம் உண்டு. கஞ்சன்ஜங்காவிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தெற்கே டார்ஜிலிங் இருக்கிறது. உலகமெங்கும் பெயர் பெற்ற டார்ஜிலிங் தேயிலை அங்கேதான் விளைகிறது. அங்குள்ள தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலையில் கொழுந்து பறிக்கச் செல்லும் பெண், வானம் தெளிவாக இருந்தால், எதிரே பொன்னிறமாக ஒளிரும் கஞ்சன்ஜங்காவைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போவாள். அவள் முதுகில் ஒரு கூடை. கூடையின் வார் அவள் நெற்றியில் அல்லது தலையில் பதிந்திருக்கும். நம் மூத்தவர்கள் கேமரன் மலையில் கொழுந்து பறித்ததும் கூடை சுமந்துதான். அதே முறையில், நெற்றியில் வார் மாட்டி முதுகில் சுமை ஏற்றிக்கொண்டுதான் மலையேறும் குழுக்களின் மூட்டைகளையும் ஆட்கள் சுமந்தார்கள்.

இனி, இந்த மலையில் ஏறுவது ஏன் இவ்வளவு கடினம் என்பதைப் பார்ப்போம்.

முதலாவது, காற்று. மேலே போகப்போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. 5,500 மீட்டர் உயரத்தில் அழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதிதான். 8,500 மீட்டரில் அது மூன்றில் ஒரு பங்கு. லூமுட்டில் நாம் ஒரு முறை மூச்சு இழுத்தால் கிடைக்கும் பிராணவாயுவை அங்கே பெற மூன்று முறை இழுக்க வேண்டும். ஆகவே ஓர் அடி எடுத்து வைத்துவிட்டு நான்கைந்து முறை மூச்சு வாங்கிய பிறகே அடுத்த அடியை எடுத்து வைக்க முடியும். மூளைக்குப் போதிய பிராணவாயு இல்லாததால் சிந்தனை மங்கும். கையுறையைக் கழற்றிவிட்டு மீண்டும் போட மறந்துவிடுவார்கள். சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். சிலருக்கு மூளை வீங்கும். உடனே கீழே இறங்குவதே அதற்கு முதன்மையான மருந்து. 8,000 மீட்டருக்கு மேற்பட்ட பகுதியை மரண எல்லை என்றே மலையேறுவோர் அழைக்கிறார்கள். எவ்வளவு நல்ல உடல்வாகு உள்ளவராயினும் அங்கே நாள்கணக்கில் தங்கி வாழ முடியாது.

இரண்டாவது, குளிர். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். நம் ஊரின் நண்பகல் வெப்பம் 32 பாகை என்று வைத்துக்கொள்வோம். அதே இடத்தில் கஞ்சன்ஜங்கா அளவுக்கு உயரே போனால் வெப்பம் 56 பாகை குறைந்து, பூச்சியத்துக்குக் கீழே 24 பாகை ஆகிவிடும். தண்ணீர் பூச்சியம் பாகையிலேயே உறைந்துவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். இத்துடன் பலத்த காற்றும் சேர்ந்தால் விரலில் இரத்த ஓட்டம் நின்று, சதை கறுத்துச் செத்துப்போகும். இதைப் பனிக்கடி என்பார்கள். விரல்களை வெட்டி எடுக்க நேர்ந்தவர்கள் பலர்.

மூன்றாவது, உணவு. தாய்மார்கள் இதைக் கேட்டு வியப்படையலாம். இங்கே தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது. அவ்வளவு உயரத்திலோ 70 பாகையைச் சற்றே தாண்டியதும் கொதித்துவிடும். கொதிக்கிறதே தவிர, சூடு போதாது. எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் அரிசி சரியாக வேகாது. குடிக்கும் தண்ணீரையும் பனிக்கட்டியை உருக்கித்தான் எடுக்க வேண்டும். அந்த அடுப்புக்கான எரிபொருளையும் யாராவது சுமந்துதான் கொண்டுபோக வேண்டும்.

நான்காவது, பனிச்சரிவு. எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிய பெருஞ்சிகரங்களில் கிழக்குக் கோடியில் இருப்பது கஞ்சன்ஜங்கா. வங்காள விரிகுடாவிலிருந்து ஈரத்தோடு வரும் பருவக்காற்று நேராக வந்து இதன்மேல் மோதுகிறது. நமக்கு மழையாகப் பெய்வது அங்கே பனியாகக் கொட்டிக் குவிகிறது. குவிந்த பனி திடீரென்று பிளந்து, மலைச்சரிவில் பேரிரைச்சலோடு உருண்டு வரும். அதன் வழியில் அகப்பட்டவர் தப்புவது அரிது. ஆகவே பருவமழை தொடங்குமுன், மே மாதத்தில் கிடைக்கும் சில நல்ல நாட்களுக்காக எல்லாரும் காத்திருக்கிறார்கள்.

ஐந்தாவது, தொலைவு. எவரெஸ்டுக்குப் போகும் கூட்டம் இங்கே வருவதில்லை. சாலை முடிந்த பிறகு காட்டிலும் பனியாற்றின் ஓரத்திலும் பல நாள் நடந்தால்தான் அடிவார முகாம் வரும். அவசரம் என்றால் ஓடிவர அக்கம்பக்கத்தில் ஊர் இல்லை.

இந்த மலையில் ஏறுவதற்கான முதல் முயற்சி 1905ஆம் ஆண்டில் நடந்தது. ஸ்விட்சர்லாந்து நாட்டு மருத்துவர் ஒருவரும் அலெய்ஸ்டர் குரோலி என்னும் ஆங்கிலேயரும் அந்தக் குழுவை நடத்தினார்கள். தலைவர்களிடையே சண்டை மூண்டது. செப்டம்பர் முதல் நாள் மாலையில், ஒரு பகுதியினர் கீழே இறங்கியபோது பனி சரிந்து நால்வரைப் புதைத்தது. அலெக்சிஸ் பாஷே என்னும் ஸ்விஸ் அதிகாரியும் மூன்று சுமைதூக்கிகளும் மாண்டார்கள். மேலே முகாமில் இருந்த குரோலி, உதவிக்கான கூக்குரல் எழுந்தும் கூடாரத்தை விட்டு இறங்கி வரவில்லை. அந்த விபத்தைப் பற்றிப் பல நூல்கள் பேசுகின்றன. பாஷேயின் பெயர் அவற்றில் இருக்கிறது. மற்ற மூவரும் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே நிற்கிறார்கள். 'மூன்று கூலிகள்' என்பதோடு முடிந்துவிடுகிறது.

கூலி என்பது நாம் செய்த வேலைக்குப் பெறும் ஊதியத்தைக் குறிக்கும் சொல். அந்தச் சொல்லையே எடுத்து, உழைக்கும் மனிதனுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரால் அழைக்கப்பட்டவர்கள் நம் பாட்டன்மார்கள். மலையில் சுமை தூக்கியவர்களையும் அக்காலத்து நூல்கள் அதே பெயரால்தான் அழைத்தன.

இந்தச் சுமை தூக்கியவர்களில் பலர் ஷெர்ப்பா இனத்தவர். அவர்களுடைய முன்னோர் திபெத்திலிருந்து பனிமலையைக் கடந்து நேப்பாளத்தில் குடியேறியவர்கள். நம்மவர்கள் பிழைப்புத் தேடிக் கப்பலேறியதுபோல, அவர்கள் பிழைப்புத் தேடி டார்ஜிலிங்குக்கு நடந்து வந்தார்கள். மலையேறும் குழு வந்தால் ஆள் சேர்ப்பவர் சர்தார். நம் தோட்டத்தில் கங்காணி இருந்ததுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கைகாட்டுபவருக்கு வேலை உண்டு, மற்றவருக்கு இல்லை.

1929ஆம் ஆண்டிலும் 1931ஆம் ஆண்டிலும் பவுல் பாவர் என்னும் ஜெர்மானியரின் தலைமையில் இரு குழுக்கள் சிக்கிம் பக்கமாக, வடகிழக்கு முகட்டின் வழியே ஏற முயன்றன. முதல் முறை 7,400 மீட்டர் வரை போனவர்களைப் புயல் திருப்பி அனுப்பியது. இரண்டாம் முறை ஹெர்மன் ஷாலர் என்பவரும் பாசாங் என்னும் சுமைதூக்கியும் ஒரே கயிற்றில் விழுந்து இறந்தார்கள். எஞ்சியவர்கள் 7,700 மீட்டர் வரை சென்றும், மேலே பனி உறுதியாக இல்லை என்று கண்டு திரும்பிவிட்டார்கள். இடையில் 1930ஆம் ஆண்டில் வந்த மற்றொரு குழுவில் செட்டான் என்னும் தேர்ந்த ஷெர்ப்பா பனிச்சரிவில் உயிரிழந்தார். இந்தக் காலத்தில்தான் ஷெர்ப்பாக்களின் பெயர்கள் ஏட்டில் ஏறத் தொடங்கின. 1928ஆம் ஆண்டில் தோன்றிய இமாலயக் கழகம் அவர்களுடைய பணிப்பதிவுகளை எழுதிவைத்தது. 1930களின் இறுதியில், மிக உயரத்தில் சுமை கொண்டுபோனவர்களுக்குப் 'புலி' என்னும் பட்டத்தையும் பதக்கத்தையும் வழங்கியது. பெயர் எழுதப்பட்டால்தான் அடுத்த வேலை கிடைக்கும். இறந்தால் குடும்பத்தைத் தேட வழியிருக்கும். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது விடுபட்டுப்போனால் அன்றைய சம்பளம் என்ன ஆகும் என்பதை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1953ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் டென்சிங் நோர்கேயும் எட்மண்ட் ஹில்லரியும் எவரெஸ்ட் உச்சியை அடைந்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1955ஆம் ஆண்டில், சார்ல்ஸ் எவான்ஸ் என்னும் அறுவை மருத்துவரின் தலைமையில் ஒரு பிரிட்டிஷ் குழு கஞ்சன்ஜங்காவுக்குப் புறப்பட்டது. தவா டென்சிங் என்னும் அனுபவசாலி அவர்களுக்குச் சர்தாராக இருந்தார். நேப்பாளப் பக்கத்திலுள்ள யாலுங் பனியாற்றின் வழியாக ஏறுவது அவர்கள் திட்டம்.

புறப்படும் முன் ஒரு சிக்கல் எழுந்தது. சிக்கிம் அப்போது தனி மன்னரின் ஆட்சியில் இருந்தது. எங்கள் தெய்வம் குடியிருக்கும் உச்சியை மிதிக்கலாகாது என்று அந்நாட்டார் கருதினார்கள். குழுத் தலைவர் எவான்ஸ் வாக்குக் கொடுத்தார்: உச்சிக்குப் போகும் வழி இருக்கிறது என்று உறுதியானதும் நின்றுவிடுவோம், உச்சியின்மேல் கால் வைக்க மாட்டோம்.

அடிவாரத்திலிருந்து உச்சி வரை ஒரே மூச்சில் போக முடியாது. வழியில் ஒன்றன்மேல் ஒன்றாக முகாம்கள் அமைத்து, கூடாரம், உணவு, எரிபொருள், பிராணவாயு உருளைகள் ஆகியவற்றைச் சுமந்து வைக்க வேண்டும். மேலே ஏறுவது, சுமையை இறக்கிவிட்டுக் கீழே வருவது, மறுநாள் மீண்டும் ஏறுவது என்று வாரக்கணக்கில் வேலை நடக்கும். இதனால் உடலும் மெலிந்த காற்றுக்குப் பழகும். இரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகும். கடைசி முகாமை ஏறக்குறைய 8,200 மீட்டரில் அமைத்தார்கள். அங்கே ஒரு சிறு கூடாரம். அதில் இருவர் ஓர் இரவு தங்குவதற்காக எத்தனை முதுகுகள் வளைந்தன என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த இருவர் ஜார்ஜ் பேண்டும் ஜோ பிரவுனும். பேண்ட் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஜோ பிரவுன் மான்செஸ்டர் நகரத்து ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. சிறு வயதிலேயே கட்டட வேலைக்கும் குழாய் வேலைக்கும் போனவர். வார இறுதியில் பாறை ஏறிப் பழகியவர். 1955ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு செங்குத்தான பாறை வழியை அடைத்து நின்றது. அதில் ஒரு வெடிப்பு இருந்தது. அந்த வெடிப்பில் கையையும் காலையும் செருகி ஏறியவர் ஜோ பிரவுன். கட்டட வேலைக்காரர் கண்டுபிடித்த வழியில் பல்கலைக்கழகத்துக்காரர் பின்தொடர்ந்தார்.

மேலே வந்து பார்த்தால், எதிரே சில அடி தூரத்தில் பனிக்கூம்பு. அதுதான் உச்சி. ஏறிவிடுவதில் ஒரு தடையும் இல்லை. பார்ப்பாரும் யாரும் இல்லை. அவர்கள் நின்றார்கள். கொடுத்த வாக்கின்படி அந்தச் சில அடிகளை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். மறுநாள் ஹார்டி, ஸ்ட்ரீதர் என்னும் இருவர் வந்து, அவர்களும் அவ்விடத்திலேயே நின்று திரும்பினார்கள். பின்னால் ஏறியவர்களில் பலரும் இந்த மரபைப் பின்பற்றினார்கள். எட்டாயிரம் மீட்டருக்கு மேல் போராடி வந்துவிட்டு, கடைசிச் சில அடிகளை விட்டுக்கொடுப்பது எளிதன்று. ஆளில்லாத இடத்தில் காப்பாற்றப்பட்ட வாக்கு அது.

ஆனால் அந்த வெற்றிக்கும் ஓர் இழப்பு உண்டு. அதே நாட்களில், பெமி டோர்ஜி என்னும் ஷெர்ப்பா இளைஞர், மேல் முகாமுக்குச் சுமை கொண்டுபோய்த் திரும்பியபின் உடல் தளர்ந்து அடிவார முகாமில் உயிர் நீத்தார். உச்சிக்கு முன்னால் நின்றவர்களின் பெயர்களைச் சொல்லும்போது இந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பாவர் இரு முறை முயன்று தோற்ற வடகிழக்கு முகட்டின் வழியாக ஏறி வென்றவர்கள் இந்தியப் படையினர். கர்னல் நரேந்திர குமாரின் தலைமையில், 1977ஆம் ஆண்டு மே 31ஆம் நாள், மேஜர் பிரேம் சந்தும் நாயக் நிமா டோர்ஜி ஷெர்ப்பாவும் உச்சியை எட்டினார்கள். பெண்களில் முதலில் வென்றவர் ஜினெட் ஹாரிசன் என்னும் ஆங்கிலேய மருத்துவர், ஆண்டு 1998. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1992ஆம் ஆண்டு மே மாதத்தில், உலகப் புகழ் பெற்ற போலந்து நாட்டு வீராங்கனை வாண்டா ருட்கியேவிச் இந்த மலையில் ஏறிச் சென்றவர் திரும்பவே இல்லை.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், மக்களின் சமய உணர்வை மதித்து, சிக்கிம் பக்கத்திலிருந்து இந்தச் சிகரத்தில் ஏறத் தடை விதிக்கப்பட்டது. இப்போது நேப்பாளப் பக்கத்திலிருந்து மட்டுமே ஏறுகிறார்கள். சிக்கிம் பக்கத்திலுள்ள கஞ்சன்ஜங்கா தேசியப் பூங்காவை 2016ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இயற்கை வளத்துக்காகவும் மக்களின் பண்பாட்டுக்காகவும் ஒருசேர அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் இந்திய இடம் இதுவே. நம் நாட்டிலும் கினபாலு மலையைக் கடாசான்-டூசுன் மக்கள் முன்னோர் ஆவி உறையும் இடமாகப் போற்றுகிறார்கள் என்பதை இங்கே நினைவுகூரலாம். 2015ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் அந்த மலையில் நில நடுக்கம் ஏற்பட்டு 18 பேர் இறந்தபோது, பிள்ளைகளைக் காக்க முயன்ற உள்ளூர் வழிகாட்டிகளும் அவர்களில் இருந்தார்கள்.

நம்மவர்கள் இமயத்தில் ஏறியிருக்கிறார்களா என்று மாணவர்கள் கேட்கக்கூடும். ஏறியிருக்கிறார்கள். 1997ஆம் ஆண்டு மே 23ஆம் நாள், மலேசியக் கொடியை முதன்முதலாக எவரெஸ்ட் உச்சிக்குக் கொண்டுபோனவர்கள் எம். மகேந்திரன், என். மோகனதாஸ் என்னும் இரு தமிழர்கள். இவர்கள் பின்னர் டத்தோ விருது பெற்றார்கள். இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 2023ஆம் ஆண்டில், அதே மே 23ஆம் நாள், தமிழ்நாட்டைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்டில் ஏறி, அம்மாநிலத்தின் முதல் பெண் என்னும் பெயரைப் பெற்றார். பனியே விழாத ஊர்களில் பிறந்தவர்கள் இவர்கள். பயிற்சியும் பொறுமையும் இருந்தால் பிறந்த ஊர் ஒரு தடையல்ல.

ஆனால் பிள்ளைகளே, அவர்களுடன் ஏறிய ஷெர்ப்பாக்களையும் கேளுங்கள். எவரெஸ்டில் ஏணியும் கயிறும் கட்டி வழி செய்பவர்கள் அவர்கள்தாம். 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள், அப்படி வழி செய்துகொண்டும் சுமை கொண்டுபோய்க்கொண்டும் இருந்த 16 நேப்பாளத் தொழிலாளர்கள் பனிப்பாறை சரிந்து இறந்தார்கள். அரசாங்கம் முதலில் அறிவித்தது ஒரு குடும்பத்துக்கு 40,000 நேப்பாள ரூபாய். அது ஈமச் செலவுக்கே காணும். ஷெர்ப்பாக்கள் வெகுண்டார்கள். இறந்த தோழர்களை நினைத்து, அந்தப் பருவத்தில் இனி ஏற மாட்டோம் என்று முகாமை விட்டு இறங்கினார்கள். அதன் பிறகே காப்புறுதித் தொகை உயர்த்தப்பட்டது. செம்பனைக் குலை தலையில் விழுந்தவருக்கும், பால்வெட்டுக்குப் போகும் வழியில் பாம்பு கடித்தவருக்கும் உரிய இழப்பீடு கிடைக்க நம் முன்னோர் எவ்வளவு பேச வேண்டியிருந்தது! மலையானாலும் தோட்டமானாலும், வேலையிடத்தில் நேரும் சாவை விதி என்று சொல்லி மூடிவிடக்கூடாது. வேலை செய்பவரின் பெயர் பதிவில் இருக்க வேண்டும். அவருக்காகச் சந்தா கட்டப்பட வேண்டும். நம் நாட்டில் சொக்சோ 1971ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. உங்கள் வீட்டில் வேலைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் முதலாளி அதைக் கட்டுகிறாரா என்று இந்த வாரமே விசாரித்துப் பாருங்கள்.

சுமை தூக்கியவர்கள் சுமை தூக்கியவர்களாகவே இருந்துவிடவும் இல்லை. 1954ஆம் ஆண்டு டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சிக் கழகம் தொடங்கப்பட்டபோது, அதன் களப்பயிற்சித் தலைவராக அமர்ந்தவர் டென்சிங் நோர்கே. பால் விற்றும் மூட்டை சுமந்தும் பிழைத்தவர், படித்த அதிகாரிகளுக்கு ஆசிரியரானார். 2021ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள், அதுவரை குளிர்காலத்தில் எவராலும் வெல்ல முடியாதிருந்த கே-2 சிகரத்தை நேப்பாளத்தவர் பத்துப் பேர் வென்றார்கள். முன்னால் வந்தவர்கள் உச்சிக்குச் சற்றுக் கீழே நின்று, பின்னால் வந்தவர்களுக்காகக் காத்திருந்தார்கள். பத்துப் பேரும் சேர்ந்தே கடைசி அடிகளை நடந்தார்கள். அம்முறை அவர்கள் சுமந்தது தங்கள் சுமையை.

பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே! பள்ளி நூலகத்தில் நிலப்பட நூல் இருந்தால் எடுத்து, இந்தியாவின் வடக்கில் டார்ஜிலிங்கைத் தேடுங்கள். அதற்கு நேர் மேலே விரலை நகர்த்தினால் கஞ்சன்ஜங்கா கிடைக்கும். பிறகு 1953ஆம் ஆண்டின் புகழ் பெற்ற எவரெஸ்ட் படத்தையும் தேடிப் பாருங்கள். உச்சியில் பனிக்கோடரியில் கொடிகளைக் கட்டி உயர்த்திக்கொண்டு ஒருவர் நிற்பார். முகமூடி இருப்பதால் முகம் தெரியாது. பலர் அவரை ஹில்லரி என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஹில்லரி படம் எடுத்தவர். நிற்பவர், சுமை தூக்கும் வேலையில் தொடங்கிய டென்சிங். வீட்டிலுள்ள பிள்ளைகளிடம் அந்தப் படத்தைக் காட்டி அவர் பெயரைச் சொல்லிக்கொடுங்கள்.